எங்கள் குசினிக்கு எந்த ரின் கட்டர்?

ரின் கட்டர் வாங்குவதற்கும் ஒரு கட்டுரை வேண்டுமா என்று கேட்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் வீட்டில் ஏற்கெனவே நல்ல கட்டர் வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் சமைக்காதவர்கள். மிச்சப் பேர் எல்லோருக்கும் இந்தச் சாமானோடு ஒரு வழக்கு உண்டு. முக்கால் வட்டம் ஒழுங்காகப் போகும். அப்புறம் ஓரிடத்தில் வழுக்கும். திரும்பக் கொழுவினால் அதே இடத்தில் மறுபடியும் வழுக்கும். கடைசியில் கரண்டிக் காம்பால் மூடியை நெம்ப, அது பாதியில் மடிந்து நிற்கும், உள்ளே இருக்கும் மீனை முள்ளுக்கரண்டியால் கிண்டிக் கிண்டி எடுக்க வேண்டிவரும்.

ஊரில் ரின் என்றால் பெரும்பாலும் ரின்மீனும் ரின்பாலும்தான். மீன் வராத நாளில், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் வந்து நிற்கிற இரவில், ஒரு ரின்மீனை உடைத்து வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிரட்டினால் பாணுக்கும் ஆச்சு, புட்டுக்கும் ஆச்சு. அதற்கென்று கட்டர் தேடியவர்கள் குறைவு. பழைய கத்தியின் முனையை மூடியில் வைத்துப் பின்பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. ரின்பாலுக்கு ஆணியால் இரண்டு ஓட்டை போதும், ஒன்று பால் வர, மற்றது காற்றுப் போக.

கனடாவுக்கு வந்த பிறகு கதை மாறிவிட்டது. இங்கே தேங்காய்ப்பாலே ரின்னில்தான் வருகிறது. கொண்டைக்கடலை, தக்காளி, பலாக்காய், முருங்கைக்காய், அன்னாசி எல்லாம் ரின். ஸ்காபரோவில் எந்தத் தமிழ்க்கடைக்குள் நுழைந்தாலும் ஒரு பக்கம் முழுக்க ரின் அடுக்கியிருக்கும். கிழமைக்கு நாலைந்து ரின் உடைக்கிற வீட்டில் கத்தியும் ஆணியும் சரிவராது. கட்டர் ஒன்று வேண்டும், அதுவும் நம்பி எடுக்கக்கூடிய கட்டர்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணம் சொல்கிறேன். ரின்மீனும் தேங்காய்ப்பாலும் அடிக்கடி உடைக்கிற வீட்டுக்கு நல்லது பழைய மாதிரிக் கட்டர்தான்: மேலிருந்து வெட்டுவது, மூடியை வெட்டுகிற சில்லும் விளிம்பைப் பிடிக்கிற சில்லும் பின்பக்கத்துப் பற்சில்லால் பிணைந்து சேர்ந்து சுற்றுவது, கைப்பிடி முழுக்க உருக்கால் ஆனது. விரல் மூட்டில் நோ உள்ளவர்களுக்கு மட்டும் வேறு ஒன்று சொல்வேன். கடைகளில் பளபளவென்று அட்டையில் குத்தித் தொங்குவதில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலும் சேராது.

வழுக்கும் இடம் எது

எந்தக் கட்டர் நல்லது என்று பார்க்க முதல், ரின்னின் விளிம்பை ஒருக்கால் பார்க்க வேண்டும். மூடியின் ஓரமும் சுவரின் ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று கொழுவி, மடிந்து, அழுத்தப்பட்டு அந்த விளிம்பு உண்டாகிறது. குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஐந்து அடுக்குத் தகடு தெரியும். மூன்று மூடியுடையது, இரண்டு சுவருடையது. காற்றுப் புகாமல் இருக்க நடுவில் ரப்பர் மாதிரியான ஒரு மெல்லிய பூச்சு.

இனி லேபலை உரித்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். கடலை, தக்காளி ரின்களில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். ஒரு தட்டையான தகட்டைச் சுருட்டி, இரண்டு ஓரத்தையும் பற்றவைத்ததால் வந்த கோடு அது. அந்தக் கோடு விளிம்பைத் தொடும் இடத்தில் தகடு மற்ற இடத்தைவிடத் தடிப்பு. கட்டர் வழுக்குவது அனேகமாக அங்கேதான். ஆட்கள் தங்கள் கைப்பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். பிழை கையில் இல்லை. கட்டரின் இரண்டு சில்லுக்கும் இடையில் உள்ள இடைவெளி அந்தத் தடிப்பில் விரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். விரிந்த உடனே விளிம்பைக் கீழிருந்து பிடிக்கிற பல்லுச்சில்லு பிடியை விட்டுவிடும், திருகி சும்மா சுற்றும்.

ஆகவே நல்ல கட்டர் என்றால் கூரானது என்று மட்டும் நினைக்கக் கூடாது. மொட்டை அலகுகூட ஓரளவு வெட்டும். ஆனால் கைப்பிடி வளைகிற கட்டர், ஆணி ஆடுகிற கட்டர், எவ்வளவு கூராக இருந்தாலும் அந்தக் கோட்டில் விழுந்துவிடும். நான் ஒவ்வொரு வகையையும் கீழே எடைபோடுவது முக்கியமாக இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

இதில் ஒரு சின்ன உபாயமும் இருக்கிறது. வெட்டத் தொடங்கும்போது கோட்டைத் தாண்டி ஒரு விரலளவு தள்ளிக் கட்டரைக் கொழுவுங்கள். அப்படியென்றால் கோடு கடைசியாகத்தான் வரும். அங்கே வழுக்கினாலும் மூடி முக்காலே மூன்று வீசம் வெட்டுப்பட்டிருக்கும், ஒரு கரண்டியால் தூக்கி மடக்கிவிடலாம். கையில் நல்ல கட்டர் வரும்வரை இதைச் செய்து காலம் தள்ளலாம்.

வண்ணத்துப்பூச்சித் திருகி வைத்த கட்டர்

எல்லோருக்கும் தெரிந்தது இது. இரண்டு மெல்லிய உருக்குத் தண்டு, நடுவில் வண்ணத்துப்பூச்சிச் செட்டை வடிவில் ஒரு திருகி, பக்கத்தில் சுற்றாத ஓர் அலகு. தண்டை அமுக்கினால் அலகு மூடியைக் குத்தும். திருகியைச் சுற்றினால் பல்லுச்சில்லு விளிம்பின் கீழே நடக்கும், அலகு தகட்டுக்குள்ளால் இழுபட்டு வரும். அலகு சுற்றுவதில்லை என்பதை மறக்க வேண்டாம், முழு உராய்வும் உங்கள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும்தான் வரும். திருகியும் சின்னது. ஒரு பெரிய தக்காளி ரின்னை இதால் சுற்றி முடித்தால் விரலில் அதன் அச்சு பதிந்திருக்கும். வெட்டின ஓரமும் சொரசொரவென்று அரத்துப் பல்லாக நிற்கும்.

ஆனால் இதற்கும் ஓர் இடம் இருக்கிறது. விலை மிகக் குறைவு, பாரமில்லை, உடைய எதுவுமில்லை. வருசத்தில் இரண்டு தடவை ரின் உடைக்கிற வீட்டுக்கு இதைவிட மேலே போகத் தேவையில்லை. பூங்காவில் சமைக்கப் போகிற பெட்டிக்குள் ஒன்று போட்டு வைக்கலாம். சதுரமான ரின்னின் மூலையில் சில்லு வைத்த பெரிய கட்டர்கள் தடுமாறும்போது, இது மெதுவாக என்றாலும் திரும்பிப் போய்விடும். ஒரே எதிரி கறள். கழுவிவிட்டு ஈரத்தோடு லாச்சிக்குள் போட்டால் அடுத்த தடவை எடுக்கும்போது திருகி இறுகிப் போயிருக்கும்.

பிளாஸ்ரிக் கைப்பிடிக் கட்டர்

சுப்பர்மார்க்கெற்றில் அதிகம் தொங்குவது இதுதான், நான் வாங்க வேண்டாம் என்று சொல்வதும் இதைத்தான். தடித்த, மெத்தென்ற கைப்பிடி. பிடிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அந்த மெத்தைக்குள் இருக்கிற தகடு மெல்லியது, சிலவற்றில் பாதிவரைதான் ஓடும். அமுக்கும்போது கைப்பிடி வளைகிறதா என்று கவனித்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். வளைகிற ஒவ்வொரு தடவையும் நீங்கள் கொடுக்கிற பலம் சில்லுக்குப் போய்ச் சேராமல் பிளாஸ்ரிக்கிலேயே நின்றுவிடுகிறது. வெட்டுஞ்சில்லும் அனேகமாகத் தன்பாட்டில் உருளுவது, திருகியோடு பிணைக்கப்பட்டதல்ல. புதிதில் நன்றாக வெட்டும். ஆணி கொஞ்சம் தளர்ந்ததும் அந்தக் கோட்டில் விழத் தொடங்கும்.

எங்கள் வீட்டு லாச்சியில் இப்படி ஒன்று கிடந்தது. திருகி பிளாஸ்ரிக், உள்ளே உருக்குத் தண்டு சதுரமாக நுழைந்திருந்தது. நாளாக ஆக அந்தச் சதுர ஓட்டை வட்டமாகிவிட்டது. திருகி அழகாகச் சுற்றும், சில்லு அசையாது. வெளியிலிருந்து பார்த்தால் புதுச்சாமான்தான்.

நல்ல பெயருள்ள நிறுவனங்களும் மெத்தைக் கைப்பிடியோடு கட்டர் செய்கின்றன. எல்லாம் கூடாது என்றில்லை. ஒக்ஸோ என்ற நிறுவனமே அப்படித்தான் தொடங்கியது. சாம் ஃபார்பர் என்பவர் தன் மனைவி பெற்சியின் மூட்டுவாதக் கை காய் சீவும் கத்தியைப் பிடிக்கக் கஷ்டப்படுவதைப் பார்த்து, தடித்த ரப்பர்க் கைப்பிடிச் சாமான்களை 1990இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். தடித்த கைப்பிடி நல்ல யோசனைதான். அதற்குள் நல்ல உருக்கு இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம், கடையில் அட்டைக்கு வெளியே எடுத்துப் பார்க்க விடாததால் அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

பற்சில்லுக் கட்டர்

இனி என் தெரிவு. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பற்சில்லு தெரியும். ஒன்று கீழே விளிம்பைப் பிடிக்கிற சில்லின் தண்டில், மற்றது வெட்டுஞ்சில்லின் தண்டில். திருகியைச் சுற்றினால் இரண்டும் சேர்ந்து சுற்றும். வெட்டுஞ்சில்லு தகட்டுக்குள் இழுபடுவதில்லை, தானே உருண்டு போகிறது. கை படுகிற பாட்டில் இது பெரிய வித்தியாசம். இரண்டாவது நன்மை அந்தக் கோட்டில் தெரியும். கீழ்ச்சில்லு ஒரு கணம் தடுமாறினாலும் மேற்சில்லும் பலத்தோடு சுற்றிக்கொண்டிருப்பதால் ரின் நகர்ந்துவிடும். சத்தம்கூட மாறாது.

இதற்கு முன் வந்தவற்றைக் கொஞ்சம் சொல்லலாம். இங்கிலாந்தில் பீற்றர் டுராண்ட் ரின்னுக்குக் காப்புரிமை எடுத்தது 1810இல். அந்தக் காலத்து ரின் தடித்த இரும்பு, திறப்பதற்கு உளியும் சுத்தியலும்தான். குத்தி அறுக்கும் கட்டருக்கு அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தைச் சேர்ந்த எஸ்ரா வார்னர் காப்புரிமை எடுக்கும்போது 1858 ஆகிவிட்டது. ரின் பிறந்து அரை நூற்றாண்டு கிட்ட ஆட்கள் அடித்துத்தான் உடைத்திருக்கிறார்கள், ஆகவே கத்தியும் தட்டும் நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. அதே கனெற்றிக்கட்டில் வில்லியம் லைமன் 1870இல் சுற்றும் சில்லைக் கொண்டுவந்தார். ஆனால் அவருடைய கட்டரின் கூர்முனை ஒன்றை மூடியின் நடுவில் குத்தி நிறுத்தி, அதைச் சுற்றிச் சில்லை ஓட்ட வேண்டும். ரின்னின் அளவு மாறினால் கட்டரையும் மாற்றிப் பொருத்த வேண்டும். விளிம்பையே பிடித்து நடக்கிற பல்லுச்சில்லு சேர்ந்த பிறகுதான் எந்த அளவு ரின்னுக்கும் ஒரே கட்டர் என்று ஆனது. கன்சாஸ் சிற்றியைச் சேர்ந்த சார்ல்ஸ் பங்கர் குறடு மாதிரி இரண்டு கைப்பிடியோடு செய்ததற்குக் காப்புரிமை கிடைத்தது 1931இல். இன்று நம் லாச்சியில் கிடப்பது ஏறக்குறைய அதே உருவம்தான்.

பற்சில்லு வைத்ததில் பெயர்போனது சுவிங்-அ-வே. செயின்ற் லூயிஸ் நகரத்தில் 1938இல் தொடங்கிய நிறுவனம், முதலில் சுவரில் பூட்டுகிற கட்டர் செய்தது, பாவித்து முடிய மடக்கிச் சுவரோடு ஒதுக்கலாம். பெயர் அதனால் வந்தது. கையில் பிடிப்பது பிறகு வந்தது. பின்னாளில் நிறுவனம் கைமாறி, உற்பத்தி சீனாவுக்குப் போனது. அதே பழைய வடிவத்தை ஈஸி-டஸ்-இற் என்ற பெயரில் இன்னொரு நிறுவனம் அமெரிக்காவில் செய்கிறது. பெயரைப் பார்த்து வாங்குவதைவிட, எந்தப் பெயரில் வந்தாலும் பின்பக்கம் திருப்பிப் பற்சில்லு இரண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது மேல்.

குறைகளும் உண்டு. மேலிருந்து வெட்டுவதால் மூடி உள்ளே விழும். மூடியின் ஓரமும் ரின்னுக்குள் நிற்கிற ஓரமும் கூர், விரலை அறுக்கும். சில்லு சாப்பாட்டில் படும், ஆகவே ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும். மூடியின் மேலே இருந்த தூசியும் சில்லோடு உள்ளே போகும், அதனால் வெட்ட முதல் மூடியைக் கழுவித் துடைக்க வேண்டும். கடையின் பின்னறையில் அந்த ரின் எங்கே அடுக்கிக் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்.

இந்தக் குறை எல்லாம் இருந்தும் நான் இதையே சொல்வதற்கு ரின்மீன்தான் காரணம். ரின்மீன் பிரட்டுவதற்கு உள்ளே இருக்கிற தண்ணீரை வடிக்க வேண்டும். மேலிருந்து வெட்டின மூடி ரின்னின் வாயைவிடச் சின்னது. அப்படியே பெருவிரலால் அமுக்கி, சிங்கின் மேல் கவிழ்த்துப் பிடித்தால் மீன் உள்ளே நிற்கும், தண்ணீர் முழுக்க இறங்கிவிடும். இன்னும் ஓர் அமுக்கு அமுக்கினால் மீன் நல்லாகப் பிழிபட்டு வரும், கட்லற்றுக்கு அப்படித்தான் வேண்டும். இந்த வேலையைப் பக்கவாட்டில் வெட்டுகிற கட்டரால் செய்ய முடியாது.

பக்கவாட்டில் வெட்டுவது

அதென்ன என்றால், இது மூடியை வெட்டுவதில்லை. விளிம்பின் வெளிப்பக்க மடிப்பை வெட்டிப் பிரிக்கிறது. மூடி அதன் மடிப்போடு ஒரு தொப்பியாக மேலே கழன்று வருகிறது. மூடியிலும் கூர் இல்லை, ரின்னின் வாயிலும் கூர் இல்லை. சில்லு சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. மூடி உள்ளே விழாது. கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பெருமளவு உண்மையும்கூட. பிள்ளைகள் குசினிக்குள் கை வைக்கத் தொடங்கியிருக்கிற வீட்டுக்கு இதைத்தான் யோசிக்க வேண்டும்.

தேங்காய்ப்பாலுக்கு இது திறம். ஆட்டாமல் வைத்திருந்த ரின்னில் மேலே கட்டிப்பால் உறைந்து நிற்கும். மேலிருந்து வெட்டினால் மூடி அதற்குள் சாய்ந்து புதைந்துவிடும், அதைக் கிள்ளி எடுக்கிறபோது விரலெல்லாம் பால். பக்கத்தால் வெட்டினால் மூடி தட்டையாக எழும்பி வரும், அடியில் ஒட்டியிருக்கிற கட்டிப்பாலைக் கரண்டியால் வழித்துச் சொதிக்கு எடுத்துவிடலாம்.

மீனுக்கு வரும்போது சிக்கல். கழன்று வந்த மூடி ரின்னின் வாயைவிடப் பெரியது. உள்ளே போகாது, அமுக்க முடியாது. தண்ணீர் வடிக்க வேறு வடிகட்டி எடுக்க வேண்டும். வாய்வரை எண்ணெயோ தண்ணீரோ நிரம்பிய ரின் என்றால் மூடி எழும்பும்போதே கொஞ்சம் பக்கத்தால் வழியும், மேசையில் துணி ஒன்று விரித்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். மூடியைத் திரும்ப மூடி வைக்கலாம் என்று சிலர் விற்பார்கள். மேலே வைக்கலாம், அவ்வளவுதான். காற்றுப் புகாமல் மூடாது. அப்படி வைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளுவதும் வேண்டாம். தக்காளி, அன்னாசி மாதிரிப் புளிப்புச் சாமான் திறந்த ரின்னில் இருந்தால் உலோகம் கரைந்து ருசி மாறும். வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வட்டம் முடிந்ததும் நிறுத்தத் தெரிய வேண்டும். மேலிருந்து வெட்டுவதில் மூடி விழுந்ததும் தெரிந்துவிடும். பக்கவாட்டில் வெட்டுவதில் வெளிக்குத் தெரியாது, கைக்கு மட்டும் ஒரு லேசான தளர்வு வரும். அது பிடிபடாமல் இரண்டாவது வட்டம் போனால், வெட்டின இடத்தையே திரும்ப வெட்டி, தலைமயிர் மாதிரி மெல்லிய உலோக இழை சீவுப்பட்டு வரும். அது சாப்பாட்டில் விழுந்தால் தேடி எடுப்பது வில்லங்கம். விளிம்பில் நெளிவு விழுந்த ரின்னையும் இது பிடிக்காது. அப்படி விளிம்பு நெளிந்த ரின்னை எதாலும் வெட்ட வேண்டாம் என்பது வேறு கதை. மடிப்பு நெளிந்தால் காற்றுப் புகுந்திருக்கலாம், உப்பின ரின்னைப் போலவே அதையும் எறிவதுதான் புத்தி. கடையில் விலை குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று எடுக்கக் கூடாது.

விலையும் பார்க்க வேண்டும். நல்ல பக்கவாட்டுக் கட்டர் பற்சில்லுக் கட்டரைவிடக் கூடுதல் விலைக்குப் போகும். மலிவானது வாங்குவதானால் வாங்காமலே விடலாம். மடிப்பின் ஓர் அடுக்கை மட்டும் வெட்ட வேண்டிய நுட்பமான வேலை இது, சில்லு மயிரிழை தள்ளி நின்றாலும் வெட்டாது, அல்லது ஆழமாக வெட்டும். ஊரில் கொல்லன் செய்து தருகிற மாதிரிச் சாமான் இல்லை.

கை நோ உள்ளவர்களுக்கு

என் அம்மா வயதில் உள்ளவர்களுக்கு நான் மேலே புகழ்ந்த பற்சில்லுக் கட்டரைக் கொடுக்க மாட்டேன். காரணம் திருகி இல்லை, அமுக்கல். ஒரு கையால் கைப்பிடியை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சுற்ற வேண்டும். மூட்டுவாதக் கைக்குச் சுற்றுவதைவிடப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் கொல்லும்.

சுவிற்சர்லாந்தின் கூன் றிக்கோன் நிறுவனத்தின் பக்கவாட்டுக் கட்டர் மாதிரிச் சிலவற்றில் அமுக்கவே தேவையில்லை. ரின்னின் மேல் வைத்துத் திருகியைச் சுற்றத் தொடங்கினால் தானே கவ்விக்கொள்ளும், பின்பக்கம் சுற்றினால் விட்டுவிடும். ஒரு கை சும்மா தாங்கிக்கொண்டிருந்தால் போதும். கைப்பிடி கவ்விய நிலையில் பூட்டிக்கொள்கிற மாதிரிகளும் இருக்கின்றன, அவை மேலிருந்து வெட்டுவனவற்றிலும் கிடைக்கும். வாங்கிக் கொடுக்கிறவர் தன் கையால் சோதித்துவிட்டு, நல்லாக இருக்கிறது என்று கொண்டுபோய்க் கொடுப்பதில் பலனில்லை. பாவிக்கப் போகிறவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், திருகியைப் பிடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். திருகி நீளமாக இருந்தால் பலம் குறைவாகப் போதும், ஆனால் அளவுக்கு மிஞ்சி நீளமென்றால் சின்னக் கைக்கு எட்டாது.

ரின்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டுவதும் வேண்டாம். ஈரத்துணி ஒன்றை மடித்து மேசையில் போட்டு, அதன் மேல் ரின்னை வைத்தால் வழுக்காது, பாரமும் கையில் வராது.

இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குத் தனிக் கவலை. சாதாரணக் கட்டர் இடது கையால் பிடித்து வலது கையால் சுற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. மாற்றிப் பிடித்தால் கைகள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும். இடக்கைக்காரருக்கென்று தலைகீழாகச் செய்த கட்டர் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். மேலே வைத்துச் சுற்றுகிற பக்கவாட்டுக் கட்டரில் இந்தத் தொல்லை குறைவு.

கரண்ட் கட்டரும் வளையம் வைத்த ரின்னும்

கையால் சுற்றவே முடியாதவருக்குத்தான் கரண்டில் ஓடுவது. மற்றவர்களுக்கு அது மேசையில் இடம் பிடிக்கிற இன்னொரு சாமான். அதை வாங்கினாலும் கைக்கட்டர் ஒன்று வீட்டில் இருக்கத்தான் வேண்டும். 2013 டிசெம்பரில் ரொறன்ரோவில் பனிமழை கொட்டி மரங்கள் மின்கம்பியில் முறிந்து விழுந்தபோது, லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் இல்லை, சில வீடுகளுக்கு நத்தார் முடிந்தும் வரவில்லை. அவசரகாலப் பெட்டியில் வைக்கச் சொல்லிக் கனடா அரசு கொடுக்கிற பட்டியலில் கையால் திறக்கிற கட்டரும் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சித் திருகிக் கட்டருக்கு நல்ல இடம் அந்தப் பெட்டிதான்.

வளையம் வைத்த ரின் வந்துவிட்டதே, கட்டர் எதற்கு என்றும் கேட்பார்கள். வளையம் கையோடு வந்துவிட்டால் தெரியும் எதற்கென்று. அப்படி வந்தால் ரின்னைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலும் விளிம்பு இருந்தால் அந்தப் பக்கத்தால் கட்டரைப் போட்டு வெட்டலாம். அடி வளைவாக, விளிம்பில்லாமல் ஒரே துண்டாக இருந்தால் அது ஒரே தகட்டிலிருந்து இழுத்துச் செய்த ரின், சின்ன மீன் ரின்களில் பலதும் இப்படித்தான். கவிழ்த்துப் பலனில்லை, மேல்பக்கத்தையே வெட்ட வேண்டும். மேலிருந்து வெட்டுகிற கட்டர் அனேகமாகச் செய்து முடிக்கும். மூட்டு நோ உள்ளவர்களுக்கு வளையம் கட்டரைவிட மோசம், ஒற்றை விரலில் முழுப் பலமும் கொடுக்க வேண்டும்.

பேனாக்கத்தியில் இருக்கிற கொக்கியைப் பற்றியும் ஒரு வசனம். விக்டோரினொக்ஸின் சுவிஸ் கத்தியில் ஆரம்பம் முதலே ரின் திறக்கிற அலகு இருக்கிறது. அமெரிக்க இராணுவத்துக்கு 1942இல் செய்த பி-38 என்பது சாவிக் கொத்தில் தொங்கக்கூடிய விரல்நீளத் தகடு. இரண்டும் வேலை செய்யும், ஒவ்வொரு குத்தாகக் குத்தி விளிம்போடு நடக்க வேண்டும். பயணத்துக்குச் சரி. இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று ரின் உடைக்கிற ஆளுக்குச் சரிவராது.

கடையில் கையில் எடுத்தால்

அட்டையில் குத்தாமல் திறந்து வைத்திருக்கிற கடையில் வாங்குங்கள். கைப்பிடியை மூடி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, வெட்டுஞ்சில்லுக்கும் பல்லுச்சில்லுக்கும் இடையால் பாருங்கள். மெல்லிய கோடாக வெளிச்சம் வரலாம், அகன்ற வெளி தெரியக் கூடாது. வெட்டுஞ்சில்லை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், புதிதிலேயே ஆடுவது நாளைக்கு இறுகப் போவதில்லை. கைப்பிடியைப் பலமாக அமுக்கி வளைகிறதா பாருங்கள். பிறகு திருகியை ஒரு முழு வட்டம் சுற்ற வேண்டும், எங்காவது ஓரிடத்தில் இறுகி மறு இடத்தில் தளர்ந்தால் சில்லு நடுவில் இல்லை. திருகி பிளாஸ்ரிக் என்றால் அது தண்டில் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

கழுவுவது பற்றி விற்பவர்கள் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மெசினில் போடலாம் என்று அட்டையில் எழுதியிருந்தாலும், பற்சில்லுக் கட்டரை நான் கையால்தான் கழுவச் சொல்வேன். சூட்டுக்கும் அந்தச் சவர்க்காரத்துக்கும் தண்டில் இருக்கிற எண்ணெய் போய், பூச்சு உரிந்து, கறள் வரும். ஒவ்வொரு பாவிப்புக்குப் பிறகும் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு, பழைய பல்துலக்கும் தூரிகையால் சில்லைச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். மீன் துண்டும் தக்காளித் தோலும் பல்லிடுக்கில்தான் காயும், கிருமி வளர்வதும் அங்கேதான். காய்ந்து பிடித்துவிட்டால் வினாகிரி கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் இளகும். துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு, மாதத்துக்கு ஒருக்கால் சாப்பாட்டுக்கு ஏற்ற கனிம எண்ணெய் ஒரு துளி தண்டில் விட்டால் போதும். தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விடாதீர்கள். நாளடைவில் பிசினாகிச் சில்லை இறுக்கிவிடும்.

கீழ்ச்சில்லின் பற்களை அவ்வப்போது தடவிப் பாருங்கள். வெட்டுஞ்சில்லு மொட்டையாக முதலே பெரும்பாலும் இந்தப் பற்கள்தான் தேயும். தேய்ந்து மழுங்கிப் போனால் தீட்டி மீட்க முடியாது, வேறு கட்டர் வாங்க வேண்டியதுதான்.